மூலிகையிடம் இசைவு வேண்டல்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மருந்துக்காக ஒரு செடியைப் பறிக்கும் முன்னர் அதனை வணங்கி, பறிக்கும் நோக்கத்தை எடுத்துச் சொல்லி, அதன் இசைவை வேண்டும் வழக்கம் இந்திய மருத்துவ மரபுகள் பலவற்றில் காணப்படுகிறது. வேத மந்திரங்கள், ஆயுர்வேதச் சம்கிதைகள், சித்த மருத்துவர்தம் கைம்முறைகள், பழங்குடி மருத்துவர்களின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றில் இதன் வெவ்வேறு வடிவங்கள் நிலவுகின்றன. இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் ஒரு சாரார். தாவரம் மனித மொழியை உணர்வதற்கு இதுவே சான்று எனக் கொள்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் எழுப்பும் வினா ஒன்றே: செடிக்குக் கேட்கிறதா? இவ்வழக்கத்தின் அறப்பெறுமானத்தை இவ்வினாவின் விடையைக் கொண்டு அளக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஓரறிவுயிரும் உறவும்

தாவரத்தின் உணர்வு குறித்து இந்தியச் சிந்தனையில் ஒருமித்த கருத்து இல்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்து, புல்லையும் மரத்தையும் உற்றறியும் அறிவு மட்டுமே உடைய ஓரறிவுயிர்களாக வைக்கிறது. செவியறிவு ஐந்தாம் படியிலேயே தோன்றுவதால், தொல்காப்பிய நெறிப்படி மரத்திற்குத் தீண்டல் தெரியும், சொல் தெரியாது. சமணமும் தாவரங்களை ஓரிந்திரிய உயிர்களாகவே கொள்கிறது. ஆனால் மகாபாரதச் சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் பரத்துவாசருக்கு உரைக்கும் பகுதி வேறு முடிவுக்கு வருகிறது. இடியோசையால் மலரும் கனியும் உதிர்வதனால் மரம் கேட்கிறது என்றும், கொடி வழியறிந்து படர்வதனால் அது காண்கிறது என்றும் அப்பகுதி வாதிடுகிறது. பௌத்த விநய நெறி இவ்விவாதத்தில் ஈடுபடாமலேயே, பயிருயிர்களை அழிப்பது துறவிக்குக் குற்றம் என விதிக்கிறது. மரத்தில் உறையும் தெய்வம் ஒன்று புத்தரிடம் முறையிட்டதே அவ்விதி தோன்றக் காரணம் எனவும் கூறுகிறது.

இந்நிலையில் நற்றிணை 172ஆம் பாடல் ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்தெழ, அதனைச் சிறுமியர் பாலும் நெய்யும் வார்த்து வளர்க்கின்றனர். அப்புன்னை தலைவிக்கு உடன்பிறந்தாள் முறையினது எனத் தாய் கூறியிருக்கிறாள். ஆதலின் அதன் நிழலில் தலைவனோடு நகையாடி மகிழ நாணுவதாகத் தோழி கூறுகிறாள். இங்கு மரம் கேட்கும் என்றோ, கண்டதைப் பிறரிடம் சொல்லும் என்றோ அச்சம் இல்லை. அந்நாணம் உறவிலிருந்து பிறக்கிறது. தமக்கை உறங்கினாலும் அவள் முன்னிலையில் ஒழுக வேண்டிய முறை ஒன்று உண்டு. அதுபோலவே மரத்தின் முன்னிலையிலும் ஒரு முறை உண்டு என்பதே அப்பாடலின் உட்கிடை. மரத்திற்குச் செவியறிவு இல்லை என வகுத்த அதே மரபு, மரத்தின் முன் நாணும் ஒழுக்கத்தையும் போற்றியுள்ளது. உறவின் கடப்பாடு மற்றவரின் புலனறிவை அளந்து பார்த்த பின்னர் தோன்றுவதன்று என்பது இதனால் புலனாகிறது.

இசைவு வேண்டும் சடங்கு

இருக்கு வேதப் பத்தாம் மண்டலத்தின் 97ஆம் சூக்தம் முழுவதும் மூலிகைகளை நோக்கியது. மூலிகைகள் அதில் தாய்மார் என விளிக்கப்படுகின்றன. தம் அரசனாகிய சோமனோடு அவை உரையாடுவதாகவும் கூறப்படுகிறது. அச்சூக்தத்தில் அகழ்பவனுக்கும், எவன் பொருட்டு அகழப்படுகிறதோ அந்த நோயாளிக்கும் தீங்கு நேராதிருக்கட்டும் என்ற வேண்டுதல் இடம்பெறுகிறது. செடியைத் தோண்டுதல் தீங்குக்கு இடமளிக்கும் செயல் என்ற தன்னுணர்வு அவ்வேண்டுதலின் பின்னே உள்ளது. நோய் தீர்க்கும் செயலும் ஓர் உயிரை ஊறுபடுத்தியே தொடங்குகிறது என்பதை அது மறைக்கவில்லை.

சரக சம்கிதையின் கற்பதானம், மூலிகை சேகரிப்போன் நோன்பிருந்து, தூய வெண்ணிற ஆடை உடுத்தி, தெய்வங்களை வணங்கி, கிழக்கு அல்லது வடக்கு நோக்கி நின்று பறித்தல் வேண்டும் என்கிறது. சித்த மருத்துவர் வழக்கில் இது ‘சாப நிவர்த்தி’ எனப்படும். செடிக்கு நீர் தெளித்து, மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, மந்திரம் சொல்லி, ஆணிவேர் அறாமல் எடுப்பது அம்முறை. சாபம் நீக்காது பறித்த மூலிகை பயன் தராது என்பது அவர்தம் நம்பிக்கை.

அறிவியலின் எல்லை

இந்நம்பிக்கையின் காரணகாரியப் பகுதியை அறிவியல் ஏற்பதற்கில்லை. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசெர்பின் என்னும் வேதிப்பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. வேரைத் தோண்டியவன் வணங்கினானா என்பதனால் அவ்விளைவு மாறுவதில்லை. சடங்கே நோயைத் தீர்க்கிறது எனக் கூறி, ஆய்ந்து தேர்ந்த சிகிச்சையிலிருந்து நோயாளியை விலக்குவது அறத்திற்கும் மாறானது.

தாவரத்தோடு உரையாடலாம் என வாதிடுவோர் ஜகதீச சந்திர போசைச் சான்று காட்டுவர். தூண்டலுக்குத் தாவரத் திசுக்கள் மின்துலங்கல் காட்டுவதை அவர் 1901இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்து காட்டினார். தாவர வளர்ச்சியை மிக நுண்ணிதாக அளக்கும் கிரெஸ்கோகிராப் கருவியையும் உருவாக்கினார். ஊறு நேர்ந்த செடி மின்குறிகளையும் ஆவியாகும் வேதிப்பொருள்களையும் வெளியிடுவதைப் பிற்கால ஆய்வுகளும் நிறுவியுள்ளன. ஆயினும் தூண்டலுக்குத் துலங்குதல் வேறு, மனிதனின் எண்ணத்தை உணர்தல் வேறு. தாவரம் மனித எண்ணத்தை உணர்வதாக அமெரிக்கரான கிளீவ் பாக்ஸ்டர் 1966 முதல் கூறிவந்தார். 1975இல் வெளியான கட்டுப்பாட்டுச் சோதனைகள் அவர் கூற்றை உறுதிசெய்யவில்லை. ஆகவே, ‘செடிக்கு நம் சொல் விளங்குகிறது’ என்ற அடித்தளத்தின்மீது இவ்வழக்கத்தை நிறுவ முயல்வது வலுவற்றது. அடித்தளம் வேறிடத்தில் தேடப்பட வேண்டும்.

மறுப்பிற்கு இடம்

இசைவு வேண்டும் சடங்கிற்கு எதிராக வலிமையான தடை ஒன்று உண்டு. இசைவு வேண்டுதல் என்பது மறுக்கப்படும் வாய்ப்பையும் உள்ளடக்கியது. செடி வாய் திறந்து மறுக்காது. மந்திரம் முடிந்ததும் மருத்துவன் எவ்வாறாயினும் பறிக்கவே போகிறான். மறுப்பிற்கு இடமில்லாத வேண்டுதல் வெறும் நாடகம் அன்றோ? எடுப்பவன் தன் மனச்சான்றை அமைதிப்படுத்திக்கொள்ளும் உத்தி மட்டும் அன்றோ?

இத்தடைக்கான விடை மந்திரத்தில் இல்லை; மந்திரத்தைச் சூழ்ந்த விதிகளில் உள்ளது. சரக சம்கிதை ஒவ்வோர் உறுப்பையும் எப்போது எடுக்கலாம் என வரையறுக்கிறது. இலையும் கிளையும் கார்காலத்திலும் இளவேனிலிலும், வேர் கோடையிலோ இலையுதிர்ந்த பின்பனிக் காலத்திலோ, பட்டையும் கிழங்கும் பாலும் கூதிர்காலத்தில், வைரம் முன்பனிக் காலத்தில், பூவும் கனியும் அவ்வவற்றின் பருவத்தில் எடுக்கத்தக்கன. இவ்விதிகளை வீரியம் குறித்த மருந்தியல் விதிகளாக மட்டுமே படிப்பது வழக்கம். அவற்றையே மறுதலையாகப் படித்தால், ஆண்டின் பெரும்பகுதியில் ‘எடுக்காதே’ என்று கூறும் விதிகளாகவும் அவை அமைகின்றன. நோயாளி காத்திருந்தாலும், வாங்குவோன் விலை கூட்டினாலும், பருவம் வாராத வேர் மருந்தாகாது. செடியின் மறுப்பு அதன் பருவநிலை வாயிலாக வெளிப்படுகிறது; அதனைப் படித்தறிந்து கையை மடக்கிக்கொள்வதே மருத்துவனின் செவிமடுத்தல் எனலாம். தாவரத்தோடு உரையாடுதல் என்பதற்குப் பொருள் தரத்தக்க விளக்கம் இதுவேயாகும்.

இம்மறுப்பின் முழுமையான வடிவத்தை மேகாலயத்தின் மாப்பிலாங் புனிதக் காட்டில் காணலாம். காசி மக்கள் தெய்வ உறைவிடமாகப் போற்றும் அக்காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துச் செல்லுதல் ஆகாது. அங்கு வேண்டுதலுக்குக் கிடைக்கும் விடை எப்போதும் ‘இல்லை’ என்பதே. ஒரு சமுதாயம் அவ்விடையைத் தலைமுறைகளாக ஏற்று வந்திருப்பதனால், இயற்கையின் மறுப்பை ஏற்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பது உறுதியாகிறது.

கோஷ்டம்: வழிபட்டும் அழிந்தது

வணக்கம் மட்டும் ஒரு மூலிகையைக் காத்துவிடாது என்பதற்குக் கோஷ்டம் சான்று. அதர்வ வேதம் இதனை மலைகளில் பிறந்தது, காய்ச்சலை விரட்டுவது என விளித்துப் போற்றுகிறது. வடக்கே பனிமலையில் தோன்றிக் கிழக்கே மக்களிடம் கொண்டுசெல்லப்படுவது எனவும் கூறுகிறது. இமயத்தில் விளையும் அவ்வேர் இன்றும் தமிழக நாட்டு மருந்துக் கடைகளில் அதே பெயரில் விற்கப்படுகிறது. மருந்தாவது வேர், வேரை அகழ்ந்தால் செடி மடியும். அழிவின் விளிம்பில் உள்ள இம்மூலிகை, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் 1985இல் சேர்க்கப்பட்டது.

தெய்வமெனப் போற்றப்பட்ட செடி இந்நிலையை அடைந்தது ஏன்? சொல்பவனும் அகழ்பவனும் உண்பவனும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்தமை இதற்கு ஒரு காரணம் எனலாம். மந்திரம் ஏட்டில் தங்கிவிட, அகழும் கை கூலிக்கு உழைக்கிறது. மூட்டையாக வாங்கும் வணிகன் செடியைக் கண்டதில்லை. பொடியாக உண்ணும் நோயாளி அதன் பெயரையும் அறியான். ‘எடுக்காதே’ என்னும் மறுப்பு மலையிலேயே நின்றுவிடுகிறது. மறுப்பைக் கேட்கத்தக்க இடத்தில் நின்றவனுக்கு அதனை ஏற்கும் உரிமை இல்லை. உரிமை உடையவன் அவ்விடத்தில் இல்லை.

காணிகளும் ஆரோக்கியப்பச்சையும்

செடியிடம் இசைவு வேண்டும் சிக்கல், அச்செடியை அறிந்த மக்களிடம் இசைவு வேண்டும் சிக்கலாகவும் விரிகிறது. 1987 டிசம்பரில் அகத்தியமலைப் பகுதியில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாகக் கொண்டு சென்றது. களைப்பின்றி நடந்த வழிகாட்டிகள் இடையிடையே ஒரு காயைத் தின்பதைக் கண்டு ஆய்வாளர்கள் வினவினர். முதலில் தயங்கிய காணிகள் பின்னரே அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனத்திற்கு 10 இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டிற்கும் வழங்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுதற்கான காணி மக்கள் நல அறக்கட்டளை 1997இல் பதிவு செய்யப்பட்டது.

பலனைப் பகிர்ந்துகொள்வதில் உலகிற்கே முன்னோடி எனப் புகழப்பட்ட இந்நிகழ்வு அப்புகழுக்குத் தகுதியுடையதே. எனினும் நிகழ்ந்த வரிசை சிந்தனைக்குரியது. அறிவு பெறப்பட்டது 1987இல், விற்கப்பட்டது 1995இல், பெறுவோரின் அமைப்பு உருவானது 1997இல். இசைவுக்குரிய அமைப்பு எடுத்த பின்னரே தோன்றியது. காணிகளின் மரபுவழி மருத்துவர்களாகிய பிலாத்திகள் சிலர், தம் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்கு 1995இல் முறையிட்டனர். வழிகாட்டிகளின் தயக்கத்தை ஒரு மறுப்பாகவும் படித்திருக்கலாம். ஆனால் அது கடக்கத்தக்க தடையாகவே கொள்ளப்பட்டது. தேவை பெருகியபோது காட்டிலிருந்து செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. காட்டு நிழலுக்கு வெளியே பயிரிட்டால் மருந்துத்தன்மை குன்றுவதை ஆய்வாளர்களும் கண்டனர். அவ்வகையில் செடியும் தன் மறுப்பைத் தெரிவித்தது எனலாம்.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் இத்தகு அறிவுக்கு உரியோரைக் கலந்து பலனைப் பகிர வழிசெய்தது. 2023இல் நிறைவேறிய திருத்தம் நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு விலக்களித்துள்ளது. நூலேறிய அறிவு எவருடைய இசைவும் வேண்டாத பொதுப்பொருள் என்ற கருத்து இதில் உள்ளது. அந்நூல்களோ, பறிப்பவன் வணங்கியே பறிக்க வேண்டும் என்று விதித்தவை. அவற்றிலுள்ள மருந்தை எடுத்துக்கொண்டு, கேட்டுப் பெறும் நெறியை விட்டுவிடுவது அவற்றை அரைகுறையாகப் படிப்பதாகும்.

முடிவுரை

மூலிகையிடம் இசைவு வேண்டும் வழக்கம் தாவரத்தின் செவியறிவுக்குச் சான்றன்று. அதனை அவ்வாறு நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. எடுப்பவன் தன்னைக் கடன்பட்டவனாக உணர்வதற்கும், பருவமும் இடமும் அளவும் கூறும் மறுப்பிற்குப் பணிவதற்கும் அமைந்த ஒழுக்கம் அது. மறுப்பை ஏற்கும் விதிகளோடு இணைந்திருக்கும்வரை அதற்கு அறப்பொருள் உண்டு. அவ்விதிகள் கழன்றபின் எஞ்சும் மந்திரம் கோஷ்டத்தைக் காக்காததுபோல எதனையும் காவாது. இன்று மூலிகைக்கும் நோயாளிக்கும் இடையே பலர் நிற்கின்றனர். செடியின் முன் நின்று கேட்கும் வாய்ப்பு அவர்களுள் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆதலின் அக்கேள்வியைச் சட்டமும் சந்தையும் ஆய்வுக்கூடமும் தத்தம் மொழியில் கேட்டாக வேண்டும். ‘இல்லை’ என்னும் விடை வரும்போது அவை கையை மடக்கிக்கொள்ளுமா என்பதிலேயே இம்மரபின் எதிர்காலம் அடங்கியுள்ளது.