குஞ்சின் குரலும் அடைக்கலப் பொருளும்



கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் காலை வேளையில் நின்றால், முக்குளிப்பான் குஞ்சுகள் தாயைப் பின்தொடர்ந்து கூவும் குரலைக் கேட்கலாம். பசித்த குஞ்சு கூவுகிறது. பசி தணிந்த குஞ்சும் கூவ வல்லதே. அங்ஙனமிருக்க, தாய் அக்குரலை எவ்வாறு நம்புகிறது? பேச்சறியா உயிர்களிடையே வாய்மை எங்ஙனம் நிலைபெற்றது?

இவ்வினாவை அறிஞர் பலர் ஆராய்ந்தனர். மெய்யான அடையாளம் அதனைத் தாங்குவோர்க்குச் சுமையாக இருத்தல் வேண்டும் என்று 1975இல் இசுரேல் நாட்டு அமோட்சு சஹாவி கூறினார். மயிலின் தோகையை எண்ணிப் பாருங்கள். நலிந்த மயில் அத்துணைப் பெருந்தோகையைச் சுமத்தல் அரிது என்பதே அவர் கருத்து. ஆண்டுதோறும் மயில் தானே உதிர்க்கும் அத்தோகையன்றோ நம் முனிவர்தம் கையில் பீலியாகத் திகழ்கிறது! 1990இல் ஆலன் கிராஃபென் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார்.

அடுத்த ஆண்டே சார்லசு காட்ஃப்ரே குஞ்சின் கூவலுக்கு ஒரு கணித மாதிரி அமைத்தார். கூவுதற்கு ஆற்றல் செலவாகிறது. வயிறு நிறைந்த குஞ்சுக்கு மேலும் ஒரு வாய் இரையால் வரும் பயன் சிறிது. கூவுதலின் செலவோ அதனினும் பெரிது. ஆதலால் மிகப் பசித்ததே மிகக் கூவும். தாயும் அதற்கே மிகுதியாக ஊட்டும்.

2001இல் லாக்மன், சாமடோ, பெர்க்ஸ்ட்ராம் ஆகிய மூவர் மேலும் ஒன்றை விளக்கினர். மெய்யுரைப்பதற்கு விலை வேண்டுவதில்லை. பொய்யுரைப்பதற்கு விலை இருந்தாலே போதும். 2004இல் அமெரிக்காவில் சில குளவிகளின் முகப்புள்ளிகளை வண்ணத்தால் மாற்றினர். அச்சோதனை முறை நமக்கு உடன்பாடன்று. எனினும், பொய்யடையாளம் பூண்டவற்றை ஏனைய குளவிகள் மிகுதியாகத் தாக்கின என்று அது காட்டிற்று.

ஆக, பொய்க்குத் தண்டம் உள்ள இடத்தில் மெய் நிலைக்கிறது. தண்டிப்பார் எவருமில்லாத இடத்தில்?

சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் நியாசாபகாரம் ஒன்று. அடைக்கலமாக வைத்த பொருளின் அளவை மறந்து ஒருவர் குறைத்துக் கேட்கும்பொழுது, "ஆம், அவ்வளவே" என்று கொடுத்து அமைவது அது. கேட்டவர் அறியார்; ஊரும் அறியாது. நம்மைத் தாக்க வரும் குளவி அங்கில்லை.

இதனை எழுதும் நாமும் அச்சோதனைக்கு உட்பட்டோம். பல்லாண்டுகட்கு முன் அண்டை வீட்டு மூதாட்டியார் நம்மிடம் வைத்துச் சென்ற தொகையைக் குறைத்துக் கேட்டார். வீட்டில் பணமுடை மிகுந்த காலம். ஒரு மூச்சு நேரம் வாய் திறவாது நின்றோம்; பின்னரே முழுத்தொகையையும் எண்ணித் தந்தோம். கொடுத்ததை மறந்துவிட்டோம், அந்த ஒரு மூச்சை இன்றளவும் மறக்க இயலவில்லை.

பொய்யெண்ணம் எழுந்த கணத்திலேயே வினை ஊற்றெடுத்து உயிரைப் பற்றுகிறது என்பது நம் அறத்தின் முடிபு. பொய்க்குரிய விலை பிறர் அறிந்தபின் வருவதன்று. அது நம்முள்ளேயே உடன் செலுத்தப்படுகிறது. விரதம் ஏற்றவர் அதனை அறிந்தவர். ஆதலின் அவர்க்குக் காவலர் வேண்டா.

விலங்குகளை இழித்தெண்ணுதலும் வேண்டா. மனமுடைய ஐம்பொறி விலங்குகளும் அணுவிரதம் ஏற்க வல்லன என்பது நம் ஆகமக் கொள்கை. அவற்றினும் அரிய பிறவி பெற்ற நாம், ஒவ்வொரு மாலையும் நம் மக்களோடு அமர்ந்து, "எவரும் கண்டறிய இயலாத இடத்தில் இன்று மெய் உரைத்தோமா?" என்று வினவிக்கொள்வோமாக.

வாழ்க வாய்மை! வளர்க ஜினவறம்!