சும்மா போட்டுக்கொள்ள ஒரு கில்ட்

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் கிளாஸ்கோவில் வசிக்கிறோம். ஸ்காட்லாந்தில் திருமணம் என்றால் ஆண்கள் பலரும் கில்ட் அணிந்து வருவார்கள். சென்ற கோடையில் அவனுடைய நண்பன் வீட்டுத் திருமணத்துக்காக அவனுக்கும் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கட்டம் போட்ட கம்பளித் துணி, முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பை, முழங்கால்வரை காலுறை. பார்த்தவர்கள் எல்லோரும் அவனைக் குட்டி வீரன் என்றார்கள். நானும்தான்.

அதைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை என்னிடம் வந்தான். "அம்மா, எனக்கு ஒண்ணு தைச்சுத் தர்றியா? கல்யாணத்துக்கு இல்ல. சும்மா போட்டுக்கத்தான். பேண்ட் மாதிரி காலை இறுக்கல."

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று பொருள்.

பதினாறு வயது மகள் விடவில்லை. "நான் முடி வெட்டிக்கிட்டப்ப, பேண்ட்தான் போடுவேன்னு சொன்னப்ப, உனக்கு எது வசதியோ அதைப் போடுன்னு சொன்ன. அவனுக்கு மட்டும் ஏன் பார்க்கலாம்?"

மற்ற பையன்கள் கேலி செய்வார்கள், அவனைக் காப்பாற்ற வேண்டாமா என்றேன். சொல்லும்போதே அந்தப் பதில் பழகிய பதிலாக இருந்தது. எனக்குப் பதினைந்து வயதில் மிதிவண்டி ஓட்ட வேண்டாம் என்று சொன்னவர்களும் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மகள் பேண்ட் அணிந்தபோது நான் பெருமைப்பட்டேன். அவள் ஒரு படி ஏறியதாக நினைத்தேன். மகன் பாவாடை போன்ற ஒன்றைக் கேட்டதும் பயந்தேன். அவன் ஒரு படி இறங்குவதாக நினைத்தேன். ஆணின் உடையை நோக்கிப் போவது ஏற்றம், பெண்ணின் உடையை நோக்கிப் போவது இறக்கம் என்றால், பெண் நிற்கும் இடம் தாழ்வானது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் பெண்ணியம் பேசிய எனக்குள் அந்தப் படிக்கட்டு அப்படியே இருந்தது.

அப்படியானால் திருமணத்தில் அதே உடை ஏன் வீரமாகத் தெரிந்தது?

கில்ட்டின் வரலாற்றில் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தாரின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்களுடைய உடையைத் தடை செய்தது. முதல்முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். சட்டம் ஆண்களையும் சிறுவர்களையும் மட்டுமே குறிப்பிட்டது. அரசரின் படையில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 1782-இல் தடை நீங்கும்வரை, துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு அந்த மடிப்புத் துணி சீருடை. வயலில் உழைத்தவனுக்கு அது குற்றம். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது தானே கில்ட் அணிந்தார். அதன்பின் அது விழா உடை, தேசத்தின் பெருமை.

போரும் அரசும் குலப்பெருமையும் உடன் நின்றால் ஆணின் காலைச் சுற்றிய பாவாடையை உலகம் ஏற்கிறது. விழா உடையில் காலுறைக்குள் ஒரு சிறு கத்திகூட உண்டு. கத்தி, தோல் பை, குலக்கட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காற்றாட இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பையன் கேட்டால்தான் சிக்கல். என் மகன் கேட்டது அந்தச் 'சும்மா'வைத்தான்.

இத்தனைக்கும் நான் மதுரையில் கைலிகளுக்கு நடுவே வளர்ந்தவள். அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவார். அதைப் பெண்ணுடை என்று யாரும் சொன்னதில்லை. துணிக்குப் பால் இல்லை என்பதைப் புத்தகம் படிக்கும் முன்பே கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் பயந்தேன்.

மறுவாரம் துணி வாங்கினேன். சீருடைக் கால்சட்டை தைக்கும் கெட்டியான கறுப்புப் பருத்தி. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் நீளம் போதும். இரண்டு கரைகளிலிருந்தும் அரை மீட்டர் அகலத்துக்கு ஒவ்வொரு பட்டை வெட்டி, இரண்டையும் இணைத்தால் மூன்று மீட்டர். இணைப்பை ஒரு மடிப்புக்குள் ஒளித்துவிடலாம். துணியின் கரையே கீழ் விளிம்பாவதால் மடித்தடிக்க வேண்டாம். முன்பக்கம் தட்டையான இரண்டு பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். பின்பக்கம் சேலைக் கொசுவம்போல் 15 மடிப்புகள். வெளியே தெரிவது ஒரு அங்குலம், உள்ளே மடிவது நான்கு அங்குலம். கில்ட்டில் பை கிடையாது, அதனால்தான் அந்தத் தோல் பை. நான் பக்கவாட்டில் இரண்டு பைகள் வைத்தேன். பையில்லாத உடைகளோடு வாழ்ந்தவள் யாருக்கும் அப்படித் தைக்க மாட்டாள்.

கடைசியில் பொத்தான். ஆண்களின் கில்ட் வலப்பக்கம் திறக்கும். பெண்களுக்கான கில்ட் பாவாடைகள் பலவும் இடப்பக்கம் திறக்கும். மேசைமேல் கிடந்த துணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மிஞ்சியிருந்த வேறுபாடு அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று மகனைக் கேட்டேன். "எந்தக் கைக்குச் சுலபமோ அந்தப் பக்கம்" என்றான்.

முதல் சனிக்கிழமை அதை அணிந்து நூலகத்துக்குப் போனான். "யாருக்குக் கல்யாணம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம். யாருக்கும் இல்லை என்றானாம். மூன்றாம் வாரம் விளையாட்டுத் திடலில் சிலர் கேலி செய்தார்கள். அதன்பின் அங்கே பேண்ட்தான் அணிகிறான். நூலகத்துக்கும் வீட்டிலும் கில்ட்.

என் பயம் பொய்யில்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் தைத்தது சரி என்றே நினைக்கிறேன். எங்கே அணிவது, எங்கே தவிர்ப்பது என்பதை அவனே முடிவு செய்தான். தெருவின் கேலியை என்னால் நிறுத்த முடியாது. அந்தக் கேலி முதலில் அம்மாவின் வாயிலிருந்து, அக்கறை என்ற பெயரில் வராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மகள் இப்போது தனக்கும் ஒன்று கேட்கிறாள். ஒரே அளவுத் தாளில் வெட்டப்போகிறேன், பைகளோடு.