சாரீரமும் சரீரமும்

நம் வித்துவான்களைப் பற்றிப் பேசும்போது 'சாரீரம்' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சரீரத்துக்கும் அதற்கும் ஒரு கால்தான் வித்தியாசம். சரீரம் தளர்ந்த பிறகு இசைத்தட்டில் மட்டும் தங்கிவிட்ட சாரீரம் யாருக்குச் சொந்தம்? பாடியவருக்கா, கேட்கிற நமக்கா?

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் கதையைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1946-இல் பிறந்தவர். 2009-க்குப் பிறகு அவர் கச்சேரி செய்யவில்லை. தொண்டை சொன்னபடி கேட்காமல் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவர்கள் பார்க்கின்ஸன் நோய் என்றார்கள்; 2013-இல் அவரே ஊரறியச் சொன்னார். பின்னால், அது பார்க்கின்ஸனைப் போலவே தோற்றம் காட்டும் வேறொரு மூளை நோய் என்று தெரிந்தது. பெயர் மாறி என்ன? பாட்டு திரும்பவில்லை. 1980-இல் ஹாலிவுட்டில் அவர் செய்த கச்சேரி 2019-இல் இசைத்தட்டாக வந்தது. 33 வயதுக் குரல், 72 வயது அம்மையாரின் வீட்டு வாசலில் வந்து நின்றது.

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்ஸன் நோயில் கை நடுக்கம்தான் நம் கண்ணில் படுகிறது. குரலுக்கு நேர்வது அதைவிடக் கொடியது. மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிய அழியக் குரல் தணிந்துகொண்டே போகும். பேசுகிறவருக்கோ தாம் உரக்கப் பேசுவதாகவே தோன்றும்! வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் காது மந்தமாகிவிட்டதென்று சலித்துக்கொள்வார். ஒரகடத்து லாரிகள் ஓயாமல் இரைகிற இந்தச் சேரப்பணஞ்சேரியில் அப்படிப்பட்டவர் டீக்கடையில் நின்று, "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லிப் பார்க்கவேண்டும்! பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் அவருடைய பேச்சைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுவதுண்டு. அப்போதுதான் நம்புவார்.

இன்றைய பதிவு அப்படி உண்மையைச் சொல்லி வலிக்கச் செய்கிறது. பழைய பதிவும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு, 'இது நான்' என்று பெருமைப்படுவதும், 'இது நானில்லையே' என்று அழுவதும் ஒன்றுபோலப் பிசகு என்று எனக்குப் படுகிறது. (கை நடுங்காதவன் சொல்வது சுலபம், தெரியும்.) பாடுகிற காலத்திலேயே பாதிக் குரல் பாடகருடையது இல்லையே! ரான்ஸ்டாட் 1987-இல் வெளியிட்ட ஸ்பானிய இசைத்தட்டுக்கு 'என் தந்தையின் பாடல்கள்' என்றே பெயர். மெக்ஸிகோ வழிவந்த குடும்பம். தகப்பனார் வழியாக வந்ததை ஊருக்குக் கொடுத்தவர், தம் குரலை மட்டும் பூட்டி வைத்துக்கொள்வானேன்?

2019-இல் அவரைப் பற்றி வந்த படத்தில், உறவினர்களோடு உட்கார்ந்து ஸ்பானியப் பாட்டு ஒன்றை மெல்லப் பாடுகிறார். அதைப் பாட்டென்று அவரே ஒப்புக்கொள்வதில்லை. நான் அந்த இடத்தை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன்.