பந்தியும் மனக்கோயிலும்

திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நூலின் முகப்பில், விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழிதலுமே அறம் என்று வரையறுத்து, அதை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுக்கிறார். தமக்குரிய நெறியில் வழுவாது நிற்றல் ஒழுக்கம். ஒரே பொருளைப் பலரும் தமதென்று கொண்டு தம்முள் மாறுபடுதல் வழக்கு. இவற்றில் தவறியவரை நடுநிலையோடு ஆராய்ந்து ஒறுத்தல் தண்டம். பின்னிரண்டும் உலக ஒழுங்கை நிறுத்துவனவே அன்றி, ஒழுக்கத்தைப் போல உயிருக்கு உறுதி பயப்பன அல்ல என்பது அவர் கருத்து. அவர் கூறும் ஒழுக்கம் வருணத்தோடு கட்டுண்டது என்பதால், யாரையும் குலம் கேளாமல் உள்ளே விடும் பொது நூலகத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆயினும், நூலகத்தின் இணையக் கணினிக்கு அருகே தொங்கும் விதிப்பலகையைப் படிக்க இந்தப் பகுப்பு பெரிதும் உதவுகிறது. எவ்வளவு நேரம் அமரலாம், எங்கே கையெழுத்திட வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று ஒரே அளவு எழுத்தில் எழுதப்படும் வரிகளுள் சில இருக்கையை ஆள்கின்றன. சில மனத்தை ஆள முயல்கின்றன.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்து வரும் வேப்பம்பட்டைப் போன்ற ஊர்களில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் மின்ரயிலில் வேலைக்குப் போய்வருவோர் கையில் அலைபேசி இருக்கிறது. ஆனால் தேர்வாணைய விண்ணப்பத்துக்கு ஒளிப்படத்தையும் கையெழுத்தையும் குறித்த அளவில் ஏற்றவும், நுழைவுச்சீட்டை அச்செடுக்கவும், நீண்ட பாடமொன்றை வசதியாகப் படிக்கவும் கணினியே தேவைப்படுகிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி அதன் வழி வந்தது. நூலகத்தில் வைக்கப்படும் கணினி, அந்த வரியைச் செலுத்தும் ஊராரின் பொதுச்சொத்து.

நேர வரம்பு அதனால் தூய வழக்கு. கல்யாணப் பந்தியில் உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நின்றுகொண்டிருக்கும் காட்சியை அறிந்த சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த சி. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. அமர்ந்திருப்பவரைப் போலவே காத்திருப்பவரும் வாசகர்தான். தின்பண்டம் கொண்டுவராதே, பென் டிரைவைச் செருகாதே என்பவை பொருளைக் காக்கும் விதிகள்; அவற்றில் தத்துவம் ஏதுமில்லை.

பந்தி உவமை இன்னும் சற்றுத் தூரம் துணைவரும். முந்தியவர் கணக்கிலிருந்து வெளியேறாமல் எழுந்து சென்றால், அவருடைய மின்னஞ்சலும் தேடல் வரலாறும் திரையில் எச்சிலாகக் கிடக்கின்றன. இலையை எடுத்து இடத்தைத் துடைப்பது உணவிடுவோரின் கடமை. அதுபோல ஒவ்வொருவரும் எழுந்தபின் கணினி அந்தத் தடங்களைத் தானே அழிக்கும்படி அமைப்பது, வெளியேற மறவாதீர் என்று பலகையில் எழுதுவதைவிட மேலான விருந்தோம்பல். பக்கத்து இலையை உற்றுப் பார்க்கலாகாது என்ற பழைய நாகரிகமும் பந்தியில் உண்டு.

அந்த நாகரிகத்தோடு முரண்படுவது பதிவேடு. இந்திய அரசு 2011-இல் வகுத்த இணைய மைய விதிகள், பயன்படுத்துவோரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்க வேண்டும், அவர்கள் பார்த்த தளங்களின் வரலாற்றை ஓராண்டேனும் காக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, தடுப்பில்லாத கணினிகளின் திரைகள் பொதுவெளியை நோக்கியிருக்க வேண்டும் என்று பணிக்கின்றன. வழக்கமான தொழிலாக இணையம் வழங்கும் இடத்தையே சட்டம் இணைய மையம் என்கிறது. வணிகம் செய்யாத நூலகம் அச்சொல்லுக்குள் அடங்கும் என்பது வெளிப்படை அன்று. ஆனால் அதிகாரத்தின் அச்சம் சொல்லின் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கடைக்கு எழுதிய விதியை நூலகமும் தானே எடுத்து அணிந்துகொள்ளக்கூடும்.

சைவம் செயலை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று கருவிகளின் வழியாகப் பார்க்கிறது; இவற்றைத் திரிகரணம் என்பர். தேடுபெட்டியில் தட்டச்சு செய்யப்படும் சொல் இம்மூன்றில் எதைச் சேரும் என்பதே இங்குள்ள மெய்யான கேள்வி. விரல் அசைவதால் அது காயத்தின் செயல் என்பது மேம்போக்கான விடை. சொல் வடிவில் இருப்பினும், வாக்குக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும்; தேடுபவரோ எந்த மனிதரிடமும் எதையும் சொல்லவில்லை. தனக்குள் எழுந்த ஐயத்தைத் தனக்கே தெளிவாக்கிக்கொள்ளும் முயற்சி அது. மனத்தின் வாசற்படியில் நிற்பது. பதிவேடு வந்தவுடன் நிலை மாறுகிறது: கேட்பவர் இல்லாத இடத்தில் அது கேட்பவராக அமர்ந்து, மனத்தின் செயலை வாக்காக்கிவிடுகிறது.

வேப்பம்பட்டுக்கு அடுத்த நிலையமான திருநின்றவூர் இதைச் சிந்திக்கத் தக்க இடம். பொருள் தேடியும் கிடைக்காத பூசலார் என்னும் அந்தணர் அங்கே சிவனுக்கு மனத்திலேயே கோயில் எழுப்பியதைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடினார். அந்தக் கோயிலுக்கு அவர் நாள் பார்த்துக் கால்கொண்டார். கிணறும் மதிலும் குளமும்கூட அமைந்தன. காஞ்சியில் காடவர் கோன் கட்டிய கற்றளிக்கும் இதற்கும் குடமுழுக்கு ஒரே நாளில் வர, இறைவன் அரசனின் கனவில் தோன்றி, அன்று பூசலார் கோயிலில் புகப்போவதாகவும், அவன் வேறு நாள் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். அரசன் திருநின்றவூருக்கு வந்து அக்கோயில் எங்கே என்று கேட்டபோது ஊரில் எவருக்கும் தெரியவில்லை. சைவம் தன் அடியார் வரிசையில் வைத்துப் போற்றிய இந்தப் பணிக்கு ஊரில் ஒரு சாட்சியும் இல்லை.

பூசலாரின் கோயிலுக்கு ஊரார் வரி செலுத்தவில்லை, அதனால் எவருக்கும் தீங்கு நேரவுமில்லை, பொதுக்கணினியோ அப்படியன்று என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. மோசடி மடலும் மிரட்டலும் பிறரைச் சென்று சேர்ந்த வாக்குகள். அவற்றுக்குத் தண்டம் உரியது. சிறுவர் நடமாடும் அறையில் ஆபாசப் படத்தை விரித்துவைப்பதும் தேடல் அன்று, பிறர் கண்முன் நிகழும் செயல். ஆனால் இவற்றைத் தடுக்கும் பொருட்டு எல்லாருடைய கேள்விகளையும் ஓராண்டு சேமிப்பது, குற்றம் செய்தவரை ஆராயும் தண்டத்தைக் குற்றம் நிகழுமுன்னரே எல்லார்மேலும் விரிப்பதாகும். தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறிய நாட்டில், இது கூடுதல் ஆராய்ச்சிக்குரியது.

வடிகட்டி மென்மையான மாற்றாகத் தோன்றும். அரசு நிதி பெறும் நூலகங்கள் அதைப் பொருத்த வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் ஏற்றது. தடைபட்ட தளத்தை வளர்ந்தவர் கேட்டால் நூலகர் திறந்துவிடலாம் என்பது அத்தீர்ப்புக்குத் துணைநின்ற காரணங்களுள் ஒன்று. சிக்கல் அந்தக் கேட்டலில்தான் இருக்கிறது. மார்பகக் கட்டியைப் பற்றிப் படிக்க வந்த பெண், அந்தச் சொல்லை வடிகட்டி தடுத்துவிட்டால், மேசைக்கு முன் நின்று அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் சொல்லாமலே வீடு திரும்புவார். அங்கே தடைபடுவது தளம் மட்டும் அன்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு நூலகத்தின் விதிப்பலகையில் இன்னொரு இடர் உண்டு. விதி என்பது அறிவிக்கப்பட்ட பின்னரே கட்டுப்படுத்தும். தமிழ் படிக்கத் தெரியாதவரைத் தமிழில் மட்டும் எழுதிய பலகையைக் காட்டிக் கண்டிப்பது, விதிக்காத ஒன்றை மீறியதாகக் குற்றம் சாட்டுவதற்கு ஒப்பாகும். இந்தியிலும் ஒடியாவிலும் பலகையை எழுத முற்படும் நூலகர், இடமின்மையால் வரிகளைக் குறைக்க நேரும்போது, எவற்றை விட்டுவிடலாம் என்று முதன்முறையாக எண்ணிப் பார்ப்பார்.