வெளியே என்று ஓரிடம் இல்லை

'வால்-ஈ', 2008-இல் பிக்சார் வெளியிட்ட படம். இயக்கம் ஆண்ட்ரூ ஸ்டான்டன். குப்பை பெருகி மனிதர்கள் விட்டுப்போன பூமியில் 700 ஆண்டுகளாக வால்-ஈ என்ற ஓர் இயந்திரம் மட்டும் உழைத்துக்கொண்டிருக்கிறது. குப்பையை வயிற்றுக்குள் வாரிப் போட்டு, அழுத்திச் சதுரக் கட்டியாக்கி அடுக்குகிறது. கட்டடங்களைவிட உயரமாகக் குப்பைக் கோபுரங்கள். நெடுநேரம் படத்தில் பேச்சே இல்லை.

*

குப்பையில் ஒரு நகைப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். வால்-ஈ மோதிரத்தை எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது. திறந்து மூட, மூடித் திறக்க அதற்கு அவ்வளவு ஆசை. ஒரு பொருளின் மதிப்பை விலைச்சீட்டு சொல்லாது. கையில் எடுத்துப் பார்க்கிற கண்தான் சொல்லும்.

*

கரண்டியும் முள்ளும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. கரண்டிகளோடு வைக்கலாமா, முட்கரண்டிகளோடா? இரண்டு பக்கமும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நடுவில் வைக்கிறது. ஒருவேளைச் சாப்பாட்டுக்கென்றே செய்து எறிந்த பொருளுக்கு, செய்தவர்கள் கொடுக்காத யோசனையை அது கொடுக்கிறது. அக்கறை தொடங்குவது இங்கேதான் என்று தோன்றுகிறது.

*

மனிதர்கள் இப்போது 'ஆக்சியம்' என்ற விண்கப்பலில் வாழ்கிறார்கள். அங்கும் குப்பை சேர்கிறது. ராட்சத இயந்திரங்கள் அதை அழுத்திக் கட்டியாக்கி விண்வெளியில் தள்ளிவிடுகின்றன. குப்பைக்குப் பயந்து ஓடியவர்கள் குப்பை போடும் பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள். படத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது இதுதான். ஊரை மாற்றலாம், கிரகத்தையே மாற்றலாம். கை மாறாவிட்டால் எதுவும் மாறாது.

*

வால்-ஈயும் அந்தக் கப்பலுக்கு வந்து சேர்கிறது. அதன் கையிலிருந்து தன் கையில் ஒட்டிய அழுக்கைக் கப்பல் தலைவர் கணினியிடம் காட்டுகிறார். மண் என்று பதில் வருகிறது. அதன்பின் அவர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்: கடல் என்றால் என்ன, நடனம் என்றால் என்ன? பூமியிலிருந்து பழைய காலணிக்குள் வந்து சேர்ந்த சின்னஞ்சிறு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அதுவரை அவர் பெயருக்குத்தான் தலைவர். ஒரு செடியைக் கவனித்த பிறகே ஊர் திரும்பும் துணிவு வருகிறது.

*

நாம் வெளியே வீசுவதெல்லாம் பூமிக்குள்ளேதான் விழுகிறது. இன்று தூக்கி எறியப் போகும் ஏதாவது ஒன்றைக் கையிலெடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகும் என்று கேளுங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.