கதவைச் சாத்திய பிறகு

நாய் ஆளை நம்பி இருக்கும், பூனை இடத்தை நம்பி இருக்கும் என்பார்கள் ஊரில். வீடு மாறும்போது நாய் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவரும். பூனையை, அடுத்துக் குடிவருகிறவர்களிடம் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். "அது பாட்டுக்கு இருக்கும், ஒரு வாய் சோறு வையுங்க" என்றால் போதும். ஓட்டு வீடும் கொல்லையும் எலியும் இருக்கிறவரை அது நல்ல ஏற்பாடுதான். பூனையைக் கைவிட்டதாக யாரும் நினைத்ததில்லை.

டெல்லியில் எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 2016-இல் மத்திய அமைச்சரவை ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒப்புதல் தந்தது: சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமதுபூர். நாங்கள் நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ்காரர்கள். தரைத்தளம், பின்பக்கம் முற்றம், அதைத் தாண்டிச் சந்து, சந்தில் ஒரு வேப்பமரம். 2018-இல் இந்தக் குடியிருப்புகளின் மரங்களை வெட்ட உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது ஊரே பேசியது. சந்துப் பூனைகளைப் பற்றிப் பேச யாரும் இல்லை. இடத்தை நம்பி இருக்கும் பூனைக்கு அந்த இடமே போய்விட்டால் என்ன செய்வது என்பதற்குப் பெரியவர்கள் சொல்லிவைத்ததில் பதில் கிடையாது.

சாம்பி என்ற பெட்டையையும் அதன் மகன் குண்டனையும் கூடையில் வைத்துத் துவாரகாவுக்குக் கொண்டுவந்தோம். அரசு ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் சேர்த்துக் கட்டிக்கொண்ட அடுக்ககங்கள் நிறைந்த பகுதி. எங்களுக்கு ஐந்தாவது மாடி. கீழே கேட்டருகில் அந்தந்த சொசைட்டியின் நாய்க்கூட்டம்; அதற்கப்பால் வண்டிகள் பறக்கும் அகலச் சாலை; தலைக்கு மேலே, பாலம் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானங்கள். வெளியே விட வழியில்லை.

முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது, ஓர் அறையில் தொடங்க வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். பூனைக்கு வீடு என்பது முதலில் மணம். கன்னத்தில் உள்ள சுரப்பிகளால் மேசைக் காலிலும் கதவு நிலையிலும் தேய்த்துத் தேய்த்துத்தான் அது ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. எனவே பழைய வீட்டில் அவை படுத்திருந்த கோணிச்சாக்கைத் துவைக்காமலே கட்டிலடியில் விரித்தோம். மெல்லிய துணியால் சாம்பியின் கன்னத்தைத் துடைத்து, அதே துணியை பீரோவின் கால்களில், அதன் உயரத்துக்குத் தேய்த்து வைத்தாள் என் மனைவி. இங்கிலாந்தில் புது வீட்டுக்கு வந்த பூனையின் பாதத்தில் வெண்ணெய் தடவுவார்களாம். நக்கி முடிப்பதற்குள் பயம் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. துவாரகையில் வெண்ணெய்க்குப் பஞ்சமா என்று அதையும் செய்தோம். குண்டன் நக்கிவிட்டுத் தூங்கினான். சாம்பி வெண்ணெய்க் காலோடு பீரோவின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள்.

முற்றத்து மண்ணில் குழி பறித்துப் பழகியவற்றுக்கு மணல் தட்டைக் காட்டியபோதுதான், வீட்டுப் பூனை என்ற ஏற்பாடு எவ்வளவு புதியது என்று புரிந்தது. மேலை நாடுகளிலும் முன்பெல்லாம் சாம்பலோ மணலோதான். ராத்திரியானால் பூனையை வெளியே விட்டுவிடுவார்கள். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்ச விற்றுவந்த களிமண் துகளை, மணல் கேட்டுவந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்துதான் இந்த வியாபாரம் பிறந்தது. அந்தக் களிமண் வேறொன்றுமில்லை, டெல்லிப் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மிட்டியின் வகைதான். கடையில் வாங்கிய துகளின் மேல் முற்றத்து மண்ணை ஒரு கைப்பிடி தூவினோம். குண்டனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சாப்பாடு இன்னொரு பாடு. சைவச் சமையல் நடக்கும் வீடு. தட்டில் விழுவது தயிர்சாதம்தான். சந்தில் திரிந்தவரை மீதியை எலியும் குருவியும் பார்த்துக்கொண்டன. கதவைச் சாத்தியதும் அந்தக் கணக்கு எங்கள் தலையில் விழுந்தது. பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும். போதிய அளவு தன் உடம்பிலேயே செய்துகொள்ள அதனால் முடியாது. அது குறைந்தால் பார்வை கெடும் என்று 1975-லும், இதயம் தளரும் என்று 1987-லும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நம் ஆசாரத்துக்காக இன்னொரு ஜீவன் குருடாவதா? மாமிசத்துக்கென்று தனிக் கிண்ணம், தனி அலமாரி என்று ஏற்பாடானது.

பால்கனிக்குப் புறா வலை இருக்கிறதே என்று நினைப்போம். நைலான் வலை புறாவைத் தடுக்கும். பூனை நகத்துக்குத் தாங்காது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. இதை வைத்துத்தான் பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்பதை யோசிப்பதில்லை. இரும்புக் கம்பி வலை அடித்த பிறகே பால்கனியைத் திறந்தோம்.

இவ்வளவும் செய்தும், விடியற்காலையில் சாம்பி வாசல் கதவடியில் உட்கார்ந்து கத்துவாள். தொண்டையிலிருந்து வராமல் வயிற்றிலிருந்து வருகிற கத்தல். கீழ் வீட்டுத் தமிழ்ப் பெரியவர் லிஃப்டில் கேட்டார்: "சுதந்திரமாத் திரிஞ்ச ஜீவனைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டீங்களே சார்?" சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி நியாயமானது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் தானியக் குதிர்களைத் தேடிவந்த எலிகளைத் தேடித் தானாக வந்த விலங்கு பூனை. யாரும் கட்டி இழுத்து வரவில்லை. வந்துபோகும் உரிமையோடு வந்ததை, போகக் கூடாது என்று சொல்ல நாம் யார்?

உலகம் இன்று அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் சட்டம். ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரில் அதே ஆண்டு, தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளைக் காப்பாற்ற, கோடை முழுக்கப் பூனைகளுக்கு ஊரடங்கு போட்டார்கள். பறவைக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்காக, பூனையின் உயிருக்காக என்று காரணங்கள் எல்லாம் சரியானவை. என் நிம்மதிக்காக என்பதையும் நான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்துவதில் எனக்கும் லாபம் உண்டு. ஊரிலிருந்து தாயாரை அழைத்து வந்து, "இங்கே உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதே லாபம்தான். மருந்து, லிஃப்ட், ஏசி எல்லாம் இருக்கும். கீரைக்காரியிடம் தானே பேரம் பேசி வாங்கும் ஐந்து நிமிடம் இருக்காது.

அந்த ஐந்து நிமிடம்தான் விஷயம் என்று தோன்றுகிறது. வெளி என்பது பூனைக்குப் பரப்பளவு மட்டுமாக இருந்திருக்காது. எந்தச் சுவரில் ஏறுவது, எந்த எலிக்குக் காத்திருப்பது, யாரைக் கண்டால் ஒளிவது என்று நாள் முழுவதும் அது எடுத்துக்கொண்டிருந்த முடிவுகள் அங்கே இருந்தன. மனையைக் குறைக்கிறவன் முடிவுகளையாவது மிச்சம் வைக்க வேண்டும். பீரோ மேலே ஒரு விரிப்பு, சன்னலோரம் ஒரு பலகை, ஏறிக்கொண்டால் யாரும் தூக்கி இறக்கக் கூடாது. கட்டிலடியில் அட்டைப்பெட்டி, அதற்குள் கையை விடக் கூடாது. பிராண்டச் சணல் சுற்றிய கட்டை. பூனை வேட்டையாடும் நேரம் விடியலும் அந்தியும். அதனால் அந்த இரு வேளையும் கயிற்று நுனியில் கோழி இறகைக் கட்டிச் சோபாவுக்கடியில் இழுக்கிறேன். சாம்பி முதலில் பார்க்காதது போல இருப்பாள். பிறகு பின்பக்கத்தை இருமுறை அசைத்துப் பாய்வாள். பிடிக்க விட வேண்டும். பிடித்ததும் சாப்பாடு வைக்க வேண்டும். வேட்டைக்குப் பலன் இல்லையென்றால் இரண்டு நாளில் ஏமாற்று என்று கண்டுபிடித்துவிடுகிறாள்.

குண்டன் வாசலை மறந்துவிட்டான். சாம்பி மறக்கவில்லை, கத்தல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று நானும் இப்போது எதிர்பார்ப்பதில்லை. கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

மாடிக்குக் குடிபோகிறோம், பூனையைக் கூட்டிப்போகலாமா என்று யாராவது கேட்டால், வலையையும் மணல் தட்டையும் பிறகு பேசலாம் என்கிறேன். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, அதனுடைய ஆயுள் முழுக்க, உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் கூட்டிப்போங்கள். இல்லையென்றால், தரைத்தளத்தில் முற்றமுள்ள நல்ல மனிதர் ஒருவரைத் தேடி ஒப்படைத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் செய்ததும் அதுதான்.