தூளா, சில்லா?

மரம் அறுக்கும் செயின் மெஷின் உறுமுகிறது, மரத்தில் இறங்க மறுக்கிறது. உடனே நீ என்ன செய்கிறாய் தம்பி? உடம்புப் பாரத்தையெல்லாம் கைப்பிடியில் ஏற்றி அழுத்துகிறாய். செயின் சூடேறிப் புகைகிறது, தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலிக்கிறது. கடைசியில், "நமக்கு இந்தத் தொழில் ஒத்துவராது" என்று உன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாய். நிறுத்து! கீழே கொட்டுவதைக் குனிந்து பார். மாவு மாதிரித் தூள் விழுகிறதா? மழுங்கியிருப்பது செயின். கூரான பல் சில்லுசில்லாகச் செதுக்கித் தள்ளும். மெஷினின் எடையிலேயே தானாக இறங்கும். மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டுவதை உழைப்பு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மண்ணில் கிடக்கும் மரத்தை அறுப்பதைப் போலச் செயினுக்குச் சோதனை வேறில்லை. ஒரு நொடி தரையை உரசினாலும் முனை போய்விடும். ஊரெங்கும் கரண்ட் இல்லை. சாணை மெஷின் சுற்றாது. அங்கே தோப்பைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டுமென்றால் பையில் ஓர் அரம் இருந்தாக வேண்டும். கரண்டும் கடையும் இல்லாத இடத்திலும் தன் கூர்மையைத் தானே மீட்டுக்கொள்ளத் தெரிந்தவனை யாரால் அசைக்க முடியும்?

கற்றுக்கொள். எஞ்சினை நிறுத்து, செயின் பிரேக்கைப் போடு, கையுறை மாட்டு. செயினுக்கு ஏற்ற வட்ட அரம் எடு: சின்ன மெஷின்களுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ., 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரத்தைப் பிடிக்கும் சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியட்டும். உள்ளேயிருந்து வெளியே தள்ளு. திரும்பும்போது தூக்கிக்கொள், தேய்த்து இழுத்தால் அரம்தான் கெடும். இப்போது பல்லை வெயிலில் காட்டு. விளிம்பில் மெல்லிய வெள்ளைக்கோடு மினுங்கினால் அது இன்னும் மொட்டை. அந்தக் கோடு மறையும்வரை தள்ளு. சலிக்காதே! இருப்பதிலேயே அதிகம் தேய்ந்த பல் எதுவோ, அதன் நீளத்துக்கு மற்றவற்றைக் கொண்டுவா. ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை என்றால் வெட்டு கோணிக்கொண்டு போகும்.

"கூலிக்கு மரம் அறுக்கிறவன்தானே நான்" என்று முனகுகிறாயா? உன் கையிலிருக்கும் செயினின் கதையைக் கேள். அமெரிக்காவின் ஒரேகான் காட்டில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ், ஓயாமல் அரம் போடச் சொல்லும் அந்தக்காலச் செயினோடு மாரடித்தவர். 1946-இல், ஒரு மரக்கட்டையை வண்டுப்புழு இடமும் வலமுமாகத் தாடையை ஆட்டிக் குடைந்து போவதைக் கூர்ந்து கவனித்தார். இடம், வலம் என மாறிமாறி வரும் இந்த வளைந்த பல் அதிலிருந்து பிறந்தது. மறு வருஷமே போர்ட்லாந்தில் செயின் கம்பெனி தொடங்கினார். ஒரு மரவெட்டியின் கண் அவ்வளவு செய்தது! உன் கண்ணுக்கு என்ன குறை?

பல்லுக்கு முன்னால் நிற்கிற குட்டை முனையையும் விட்டுவிடாதே. பல்லைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். உயர்ந்து நின்றால் எவ்வளவு கூரான பல்லும் மரத்தைக் கவ்வாது. அளவு மீறித் தாழ்த்தினால் மெஷின் எகிறி உன் மேலேயே பாயும். அளவு பார்த்துத் தட்டை அரத்தை ஓட்டு. இடப்பக்கம் முடிந்ததா? மெஷினைத் திருப்பி வை, வலப்பக்கப் பற்கள் அப்படியே இருக்கின்றன.